விடை கேட்காத பேச்சு

ஜான் பேய்லியின் 'ஐரிஸ்' (1998) நூலை அன்பின் சாட்சியம் என்று பாராட்டிவிட்டு நகர்வது சுலபம். நாவலாசிரியையும் தத்துவவாதியுமான ஐரிஸ் மர்டாக் அல்ஸைமர் நோயில் நினைவிழந்துகொண்டிருந்த காலத்தைப் பற்றி அவருடைய கணவரும் விமர்சகருமான பேய்லி எழுதிய புத்தகம் இது. எனக்கு இதன் முக்கியத்துவம் வேறு. மறதி நோய் கண்ட முதியவரிடம் எப்படிப் பேசுவது என்பது இதில் மொழியின் பிரச்னையாகிறது.

இந்த நோயைப் பற்றிய முதல் பதிவே ஒரு விசாரணைதான். 1901 நவம்பரில் ஃப்ராங்க்ஃபர்ட் மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 51 வயது அகுஸ்டே என்ற பெண்ணை டாக்டர் அலோய்ஸ் அல்ஸைமர் விசாரித்துக் குறிப்பெடுத்தார். பெயரைக் கேட்டால் அகுஸ்டே. குடும்பப் பெயரைக் கேட்டாலும் அகுஸ்டே. கணவர் பெயரும் அகுஸ்டே என்றே அவருக்குத் தோன்றுகிறது. பென்சிலையும் சாவியையும் சுருட்டையும் காட்டினால் சரியாகச் சொல்கிறார். சற்றுப் பொறுத்து, காட்டியவை என்னவென்று கேட்டால் தெரியவில்லை. பன்றி இறைச்சியும் காலிஃப்ளவரும் சாப்பிட்டுக்கொண்டே, கீரை சாப்பிடுவதாகச் சொல்கிறார். 1906இல் அவர் இறந்தார். அதே வருஷம் ட்யூபிங்கனில் நடந்த கூட்டத்தில் அல்ஸைமர் அவருடைய மூளையில் கண்ட மாறுதல்களை விவரித்தார்.

நோயை அறிய டாக்டர் கேட்டாக வேண்டும். ஆனால் வீட்டிலும் நாம் அதே விசாரணையைத் தொடர்கிறோம். 'என்னை யாருன்னு தெரியுதா?' என்று கேட்காத உறவினர் உண்டா? கேட்கிறவருக்கு அந்த நினைவில் தன் இடம் பத்திரமாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். கேட்கப்படுகிறவருக்கோ அது பரீட்சை. விடை தெரியாதபோதும் தோற்றுவிட்டோம் என்பது தெரிகிறது. கேட்டதும் கேட்டவரும் மறந்துபோன பிறகும் அந்தக் கூச்சம் மட்டும் தங்கிவிடுகிறது.

பேய்லி பரீட்சையைக் கைவிடுகிறார். எப்போது புறப்படுகிறோம் என்று மர்டாக் ஓயாமல் கேட்கும்போது அவர் மணி சொல்வதில்லை. வேடிக்கையாக எதையோ சொல்கிறார். மர்டாக் அந்தத் தொனிக்கு முகம் மலர்கிறார். டெலிடப்பீஸ் என்னும் குழந்தைகள் நிகழ்ச்சியை இருவரும் சேர்ந்து டெலிவிஷனில் பார்க்கிறார்கள். தகவல் பரிமாற்றம் அற்றுப்போன இடத்திலும் பேச்சு நின்றுவிடவில்லை. மர்டாக்கின் முதல் நாவலையும் (1954) 1978இல் வந்த நாவலையும் கடைசி நாவலையும் (1995) ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. கடைசி நாவலில் சொல்வளம் சுருங்கியிருந்தது. வாக்கிய அமைப்பு அவ்வளவாகக் குலையவில்லை என்கிறது அது.

கவிதையில் சொல்லின் நேர்ப்பொருளைத் தாண்டி ஒலியும் இடைவெளியும் பேசும் என்று நாம் வாதாடிவந்திருக்கிறோம். அதே காதுகளை வீட்டுத் திண்ணையில் முனகிக்கொண்டிருக்கும் கிழவிக்கு நாம் தருவதில்லை. அங்கே மட்டும் நமக்கு அர்த்தம் வேண்டியிருக்கிறது. உடனே 'உளறல்' என்று தீர்ப்பளிக்கிறோம். இது ரசனையின் தோல்வி என்றே எனக்குப் படுகிறது.

தத்துவ நூலொன்றில் (1970) மர்டாக் ஒரு மாமியாரை உதாரணம் காட்டுகிறார். மருமகள் நாகரிகமற்றவள் என்று நினைத்திருந்த மாமியார், தன் பார்வையையே சந்தேகித்து அவளை மறுபடி பார்க்கிறாள். வெளியே எந்த மாற்றமும் இல்லை. அவள் பார்ப்பது மட்டும் மாறுகிறது. நம்மூர் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத உதாரணம். இந்தக் கவனத்தை, ஸிமோன் வேய்லிடமிருந்து பெற்ற கருத்தாக, ஒழுக்கத்தின் மையத்தில் வைத்தவர் மர்டாக். பிறகு அதே கவனம் அவருக்கே தேவைப்பட்டது.

ஒத்துப்பேசுவது பொய்யாகாதா என்று கேட்கலாம். அம்மாவைத் தேடும் எண்பது வயதுக்காரரிடம், அம்மா இறந்து நாற்பது வருஷமாகிவிட்டது என்று சொல்வது உண்மைதான். ஆனால் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்கு அம்மா அன்றுதான் இறக்கிறாள். 'அம்மா சமையலைப் பத்திச் சொல்லுங்களேன்' என்பதில் பொய் எதுவுமில்லை. அவர் தேடுவது எதுவோ அதன் பக்கத்தில் போய் உட்காருகிற பேச்சு அது.

ரிச்சர்ட் அயர் எடுத்த படம் (2001) இந்த இடத்தைத் தவறவிடுகிறது. இளமையின் ஐரிஸையும் முதுமையின் ஐரிஸையும் மாறிமாறிக் காட்டுவதால், முதியவர் எப்போதும் இளையவரின் மிச்சமாகவே நிற்கிறார். பேய்லியின் நூல் மீதும் எனக்கு ஆட்சேபம் உண்டு. மர்டாக் இறந்தது 1999இல். தன்னைப் பற்றிய நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடிருந்தார், சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. இதை அன்பின் பேரால் தள்ளிவிட முடியாது. ஆனாலும் தன் எரிச்சலையும் கத்தல்களையும் பேய்லி மறைக்கவில்லை. பார்த்துக்கொள்கிறவரின் பொறுமை நாள் முழுவதும் நிற்காது. அவருக்கும் ஓய்வு வேண்டும், தோள்மாற்றிக்கொள்ள இன்னொருவர் வேண்டும். தன்னைத் தியாகியாக்கிக்கொள்ளாமல் அவர் இதை எழுதியிருப்பதால்தான், அந்த ஆட்சேபத்தோடேயே இந்த நூலைப் படிக்கச் சொல்கிறேன்.