எண்ணும் தலையெழுத்தும்

படிப்பு ஏறாத பிள்ளைக்கு நம்மவர் பழைய நாளிலிருந்து கூறிவந்த காரணங்கள் மூன்று. தலையெழுத்து, கிரகக் கோளாறு, முன்வினை என்பன அவை. இம்மூன்றையும் நாம் கண்டித்து வந்திருக்கிறோம், இனியும் கண்டிப்போம். ஆகையால், பிள்ளையை நேரில் உட்கார வைத்து, அதற்கு எது வருகிறது, எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஆராய்ந்து கூறும் மனோதத்துவ மதிப்பீட்டைப் பகுத்தறிவின் வெற்றியாகவே நாம் வரவேற்கிறோம். 1911-ல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனையின் காரணமாகத் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்னும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்ட இப்பேரா மாநிலத்தில், தமிழ்ப் பெற்றோர் கூச்சத்தை விட்டு ஈப்போவிலுள்ள தனியார் நிலையங்களின் படியேறுவது சிறிய காரியமன்று.

நிற்க. அந்நிலையங்கள் முடிவில் பெற்றோர் கையில் கொடுக்கும் அறிக்கையைக் குறித்தே இங்கு எழுதப் புகுந்தோம். கதையையும் கவிதையையும் விமர்சிக்கும் நாம், ஒரு குழந்தையின் வாழ்வையே திருப்பிவிடக்கூடிய இவ்வெழுத்தை மட்டும் வேதவாக்காகக் கொள்வது நியாயமாகாது.

முதலில் வேலை நடைபெறும் முறையைக் கவனிப்போம். ஒழுங்கான நிபுணர் பிள்ளையைச் சோதிக்குமுன் பெற்றோரை விசாரிக்கிறார். பிரசவம் எப்படி நடந்தது, பிள்ளை எப்போது பேசத் தொடங்கிற்று, வீட்டில் வழங்கும் பாஷை எது, ஆசிரியர் என்ன கூறுகிறார் என்றெல்லாம் கேட்கிறார். கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட்டனவா என்று பார்க்கிறார். கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தபுத்தி என்று எண்ணிவிடக் கூடாதல்லவா? பிறகு சில மணி நேரம் தனியே வைத்துச் சோதிக்கிறார். படத்தைப் பார்த்துக் கட்டைகளை அடுக்குதல், கேட்ட எண்களைத் திருப்பிக் கூறுதல், சொல்லுக்குப் பொருள் சொல்லுதல் முதலியவற்றோடு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் பார்க்கப்படுகின்றன. வெக்ஸ்லர் 1949-ல் பிள்ளைகளுக்கென வெளியிட்ட சோதனையும் அதன் பிற்காலப் பதிப்புகளும் சராசரியை 100 என்று கொள்கின்றன. நூறு பேரில் சுமார் 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையே வருவர்.

இந்த நூறு பேர் யார்? இதுவே நமது கேள்வி. அமெரிக்காவில் அளவுகட்டிய பதிப்பாயின் அவர்கள் அமெரிக்கப் பிள்ளைகள். பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த லயத்தில் தமிழ் பேசி வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் மூன்று பாஷைகளை ஒருங்கே கற்கும் பிள்ளையை அவர்களோடு நிறுத்தி, ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால், அளக்கப்படுவது புத்தியா, பாஷைப் பழக்கமா? சொற்களைத் தவிர்த்து உருவங்களையே வைத்து 1938-ல் ரேவன் அமைத்த சோதனை இக்குறையை ஓரளவு நீக்குகிறது. ஆயினும் காகிதத்தில் உருவம் பார்த்து விடை தேடும் பழக்கமும் பள்ளியில் வருவதேயாகும்.

இது வீண் சந்தேகமன்று. அமெரிக்காவின் எல்லிஸ் தீவில் 1913-ல் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளைக் காடார்ட் என்பவர் சோதிப்பித்து, அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் மந்தபுத்தியினர் என்ற முடிவுக்கு வந்தார். கப்பலில் களைத்து வந்து, அந்நிய தேசத்தில் மிரண்டு நின்றவர்களின் நிலை அவர் கணக்கில் ஏறவில்லை. இக்கதையை ஸ்டீபன் ஜே கூல்டு 1981-ல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கலிபோர்னியாவில் ஸ்பானிய பாஷை பேசும் பண்ணைத் தொழிலாளரின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சோதிக்கப்பட்டு மந்தபுத்தி வகுப்பில் தள்ளப்பட்டனர். 1970-ல் ‘டயானா வழக்கு’ எழுந்தது. தாய்மொழியிலும் மறுபடி சோதித்தபோது அப்பிள்ளைகளில் பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவரல்லர் என்று தெரிந்தது. பண்ணைக்குப் பதில் தோட்டம் என்று வைத்துப் பார்த்தால் இது நம் கதையே. பாஷைக் குறைவைப் புத்திக் குறைவாக எண்ணும் வழக்கம் நமக்கும் புதிதன்று. மலாய்த் தேர்ச்சி போதாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளை புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு அதிகம் கழித்ததும், அதனை ஊரார் ‘மக்கு’ என்றதும் நாம் அறிந்தவை.

இத்தகைய சோதனையை 1905-ல் சீமோனோடு சேர்ந்து முதன்முதல் வகுத்த பிரெஞ்சுக்காரர் பினேயின் நோக்கம், உதவி வேண்டிய பிள்ளையைக் கண்டுபிடித்து உதவுவதே. புத்தி பிறப்பிலேயே நிலைத்துவிட்டது, இனிக் கூட்ட முடியாது என்போரை அவர் 1909-ல் எழுதிய நூலில் கண்டித்திருக்கிறார். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை எதிர்க்கும் நம்மவர்க்கு இது உவப்பான கொள்கையே.

அப்படியாயின் நல்ல அறிக்கை எது? சோதனை எப்பாஷையில் நடந்தது, எப்பதிப்பு, யாரை வைத்து அளவுகட்டியது, மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தாரா என்பவற்றை முதலிலேயே கூறுவது. ஒற்றை எண்ணோடு நில்லாமல், உண்மை எண் இன்னதற்கும் இன்னதற்கும் இடையே இருக்கலாம் என்று எல்லை கூறுவது. முடிவில், வகுப்பில் எங்கே உட்கார வைப்பது, எழுத்துக் கூட்ட எப்படிப் பயிற்றுவது, பரீட்சையில் எவ்வளவு நேரம் கூட்டிக் கொடுப்பது என்று ஆசிரியர் நாளையே செய்யத்தக்க காரியங்களைச் சொல்வது. ‘மேலும் கவனம் தேவை’ என்று முடியும் அறிக்கை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும்; ஆகவே எந்தப் பிள்ளைக்கும் உதவாது.

இன்னொரு குறை. தோட்ட ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் நம்மிடம், இத்தகைய ஆங்கில அறிக்கைகளை வாசித்துச் சொல்லும்படி தொழிலாளர் கொண்டுவருவதுண்டு. மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கட்டணமாகக் கொடுத்த தகப்பனுக்குத் தன் பிள்ளையைப் பற்றிய எழுத்து விளங்கவில்லை. பிள்ளையின் அந்தரங்கமோ ஆபீஸ் மேசைக்கு வந்துவிடுகிறது. ஒரு பக்கமாவது தமிழில் எழுதிக் கொடுப்பதும், பெற்றோரை அழைத்து வாய்மொழியாக விளக்குவதும் நிபுணரின் தருமமல்ல, கடமையாகும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டின் 774-ஆம் சட்டம் மருத்துவமனோதத்துவ நிபுணர்களைப் பதிவுக்கு உட்படுத்தியிருக்கிறது. எனவே யார் சோதிக்கிறார், அவர் பதிவு பெற்றவரா, எப்பாஷையில் சோதிப்பார் என்பவற்றைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். பிள்ளை நோயிலோ பயத்திலோ இருந்த நாளில் வந்த எண்ணை முடிவென்று கொள்ளாதீர்கள். காலம் கடந்தபின் மறுசோதனை கேட்கலாம். ஜோசியனிடம் மறுகேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட சமூகம், நிபுணரிடம் கேட்கக் கூச வேண்டுவதில்லை.