பூச்சியின் படமும் சாட்சியின் நேர்மையும்

சிற்றுயிர்களை மிக அண்மையில் நின்று படமெடுக்கும் கலை இன்று பெருவழக்காகிவிட்டது. எறும்பின் முகத்தையும் ஈயின் கண்ணையும் சுவரளவு பெரிதாக்கிக் காட்டும் படங்களை நாம் வியந்து பாராட்டுகிறோம். வியப்பது தவறன்று. ஆயின், திறனாய்வு வியப்போடு நின்றுவிடலாகாது. இப்படம் நமக்கு எதைச் சொல்கிறது, அதை எதைக் கொண்டு நம்புவது என்று கேட்பதும் அதன் கடமையாகும்.

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் போன்ற வறண்ட நிலத்தில் இக்கலை எத்துணை அரிது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டாசுத் தொழிலுக்கு வாய்ப்பான அதே வெயிலும் வறட்சியும் படமெடுப்போருக்குப் பகையாகின்றன. ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியை வாரி இறைக்கிறது. உயிரியை அதன் உண்மையளவிலேயே கேமராவில் பதிக்கும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். புல் நுனி சற்றே அசைந்தாலும் படம் மங்கிவிடும். லென்சின் துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடும், வெளிச்சம் குறையும். அதற்காக மின்னொளி பாய்ச்சினால் வண்டின் ஓடு கண்ணாடிபோல் பளிச்சிடும். வெள்ளைத்தாளை இடையில் வைத்து அவ்வொளியை மென்மையாக்க வேண்டும். பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் முறையும் உண்டு. ஆனால் அதற்கு வேண்டிய அசைவின்மையைக் காற்றும் தருவதில்லை, பூச்சியும் தருவதில்லை.

இத்துன்பமே குறுக்குவழிக்குத் தூண்டுகோலாகிறது. நம் கிராமத்துச் சிறுவர்கள் நன்கறிந்த குழியானையையே எடுத்துக்கொள்வோம். தாழ்வாரத்தின் அடியிலும் மர நிழலிலும் கிடக்கும் நுண்மண்ணில் புனல் போலக் குழி பறித்து, அதன் அடியில் அது புதைந்திருக்கும். வழுக்கி விழும் எறும்பின்மேல் மண்ணை வீசிச் சரித்து, கொடுக்குப் போன்ற தாடைகளால் கவ்விச் சாற்றை உறிஞ்சும். வளர்ந்தபின் தட்டானைப் போன்ற சிறகுயிராகிப் பறந்து போகும். இரை விழும்வரை அது பல நாள் பட்டினி கிடக்க வல்லது. படமெடுப்பவரோ ஒரு மணி நேரம் மண்ணில் குப்புறப் படுத்ததும் பொறுமை இழக்கிறார். ஓர் எறும்பைப் பிடித்துக் குழியில் போடுகிறார். அருமையான படம் கிடைத்துவிடுகிறது.

'குழியும் மெய், வேட்டையும் மெய். இதில் பொய் எங்கே?' என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயின் அந்த எறும்பு அங்கே தானாக வந்ததன்று. அவ்விடத்தில் நடமாடாத எறும்பினத்தைப் போட்டிருந்தால், அதுவே குழியானையின் வழக்கமான இரை என்று மாணவன் பிழையாகக் கற்பான். குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்த வண்டை இலைமேல் அமர்த்தி எடுத்த படமும் இத்தகையதே. பிழை, எறும்பைப் போட்டதைவிட, போட்டதை மறைத்ததிலேயே இருக்கிறது.

ஹதீஸ் கலை வல்லுநர் நமக்குக் காட்டிய அளவுகோல் இங்கே பெரிதும் பயன்படும். ஒரு செய்தியின் மத்னு எவ்வளவு அழகாயிருப்பினும், ஸனது பழுதுபட்டிருந்தால் அதை அவர்கள் ஏற்றதில்லை. யார் கண்டார், யாரிடம் கேட்டார், அவர் நாணயமானவரா என்று துருவினர். படத்திற்கும் ஸனது உண்டு. எங்கே, எப்போது, எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதே அது.

2017இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில், ஒளிவிடும் வண்டுப் புழுக்கள் மின்னும் பிரேசில் நாட்டுக் கறையான் புற்றை எறும்புதின்னி நெருங்கும் படமொன்று பரிசு பெற்றது. அந்த எறும்புதின்னி பாடம் செய்யப்பட்ட உடலே என்று முடிவுசெய்த அருங்காட்சியகம், 2018 ஏப்ரலில் பரிசைத் திரும்பப் பெற்றது. எடுத்தவர் குற்றச்சாட்டை மறுத்தார். எவ்வாறாயினும், ஸனதில் ஐயம் விழுந்ததும் மெய்யான புழுக்களின் ஒளியும் மதிப்பிழந்தது. இதற்கு மாறாக, லெவோன் பிஸ் என்பவர் ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தின் இறந்த பூச்சிகளையே ஆயிரக்கணக்கான படங்களாக எடுத்து, அவற்றை இணைத்து ஒவ்வொரு படத்தையும் உருவாக்கினார். 2016இல் காட்சிக்கு வைத்தார். அவை சேகரிப்பிலுள்ள மாதிரிகள் என்பதை வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே அவற்றில் வஞ்சனை இல்லை.

திருக்குர்ஆனில் எறும்பின் பெயரால் ஓர் அத்தியாயமே உண்டு. ஸுலைமான் நபியின் படையினர் அறியாமலே தம்மை மிதித்துவிடக்கூடும் என அதில் ஓர் எறும்பு தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. கேட்ட நபியவர்கள் புன்னகைத்து இறைவனுக்கு நன்றி செலுத்துகிறார்கள். கேமராவோடு மண்ணில் முழங்காலூன்றுவோர் இதை நினைவிற் கொள்வது நன்று. படத்திற்காக ஓர் உயிரை நசுக்குவதும், அவ்வுயிரைப் பற்றிப் பொய்யுரைப்பதும் அதற்கு இழைக்கும் அநீதிகளே.

பத்திரிகையாசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. பூச்சிப் படத்தை வெளியிடும்போது இடம், காலம் இவற்றோடு, மனிதக் கை எதைச் செய்தது என்பதையும் ஒரு வரியில் அச்சிடுங்கள். ஆலங்குளத்துப் புழுதியில் காத்துக் கிடந்து எடுத்த சற்றே மங்கலான படத்திற்கும் அப்போதுதான் உரிய மரியாதை கிடைக்கும்.