உள்ளூர் வானொலியில் ஊர் இருந்ததா?

2018 மே 24 அன்று காலை திருநெல்வேலியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போன கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டிருந்தது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் 13 பேர். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தைத் துண்டித்து உத்தரவு போட்டிருந்தார்கள். கையிலிருந்த செல்போன் வெறும் டப்பா. ஒரு மணி நேரப் பயண தூரத்தில் என்ன நடக்கிறது என்று கடையில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. கடைப் பெட்டியில் தனியார் பண்பலை ஒன்று பாடிக்கொண்டிருந்தது. தொகுப்பாளினி யாரோ ஒரு நேயரிடம் "சாப்டீங்களா?" என்று கேட்டார். பிறகு சிரிப்பு, பிறகு பாட்டு. ஒரு பெரியவர் சொன்னார்: "இம்புட்டு நடந்திருக்கு, இவனுவ ஒண்ணும் சொல்ல மாட்டானுவளா?" பக்கத்திலிருந்தவர் பதில் சொன்னார்: "சொல்றதுக்கு அவனுக்கு உத்தரவு கிடையாது வே."

அவர் சொன்னது சட்டப்படியே சரி. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அப்போது அனுமதி கிடையாது. ஆனால் என்னை உறுத்தியது சட்டம் மட்டுமல்ல. அந்தப் பெண் பேசியது எங்கள் ஊர்ப் பேச்சு. எங்கள் ஊர் மொழியில் பேசும் ஒரு பெட்டிக்கு எங்கள் ஊரில் நடப்பதைச் சொல்ல வாயில்லாமல் போனது எப்படி? உள்ளூர் வானொலி என்கிறார்களே, அதில் ஊர் எங்கே இருந்தது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் வானொலியின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிறுபத்திரிகைக்காரர்களான நாம் சினிமாவைப் பற்றியும் தொலைக்காட்சியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். வானொலியை நாம் கேட்டோம், அதில் கதை வாசித்துச் சன்மானமும் வாங்கினோம், விமர்சிக்க மட்டும் மறந்துபோனோம்.

தமிழகத்தில் வானொலி பிறந்தபோது அது உள்ளூர் வானொலியாகத்தான் பிறந்தது. 1924இல் சென்னையில் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் அது 1927இல் நின்றது. 1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி அதைக் கையிலெடுத்தது. குப்பையள்ளுவது, குழாயில் தண்ணீர் விடுவது போல, ஊர்க்காரர்களுக்கு ஒலி விடுவதும் நகரசபையின் வேலை என்று கருதப்பட்ட ஒரு காலம் நமக்கு இருந்திருக்கிறது. கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. மாநகராட்சி ஒலிபரப்பு முடிந்தது. 1939இல் திருச்சி. அதற்குப் பிறகு ஊர் என்பது டெல்லி பேசும்போது கேட்டுக்கொள்ளும் இடமாகிப்போனது.

என் பால்யத்தில் அந்தக் கேட்கும் இடத்துக்குப் பஞ்சாயத்து ரேடியோ என்று பெயர். பெட்டி இருந்த அறை ஊர்த்தெருவில். குழாய் ஒலிபெருக்கி மேலே கட்டியிருக்கும். சத்தம் சேரிக்கும் கேட்கும். ஆனால் பெட்டியைத் திருகும் கை ஊர்த்தெருவின் கைதான். ஒலிக்கு அலைநீளம் மட்டுமல்ல, தெருவும் உண்டு என்பதை இயற்பியல் வாத்தியார் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இந்தக் காலத்து நிகழ்ச்சிகளின் மொழியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கிராம நிகழ்ச்சிகளில் இரண்டு மூன்று பாத்திரங்கள் நாட்டுப்புறப் பேச்சில் பேசுவார்கள். சந்தேகம் கேட்பது அவர்கள் வேலை. வேளாண் அதிகாரி வருவார், எழுத்துத் தமிழில் பதில் சொல்வார். பேச்சுமொழி என்றால் தெரியாமை, எழுத்துமொழி என்றால் அறிவு என்ற பாகுபாடு தினந்தோறும் சாயங்காலம் நடிக்கப்பட்டது. இதனால் பலன் இல்லாமலில்லை. 1960களின் நடுவில் திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பு வழியாகத் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 பரவியது. விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள். உர மூட்டையோடு வந்த அந்த நெல்லின் விளைவுகளைப் பற்றி வேறு இடத்தில் பேசலாம். எனக்கு முக்கியமாகப் படுவது பெயர். வானொலி பேசியதற்கு ஊர் கொடுத்த பதில் அந்த ஒரு சொல். அந்தப் பதிலைத் திருப்பி ஒலிபரப்ப வழி இருந்ததில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. எண்பதுகளின் கடைசியில் ஒரு நிலையத்துக்கு, பெயர் வேண்டாம், எங்கள் பக்கத்துக் குளங்களைப் பற்றி ஒரு உரைச்சித்திரம் எழுதிக் கொடுத்தேன். அதில் 'மடைக்குடும்பன்' என்று எழுதியிருந்தேன். மடை திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சி, பஞ்ச காலத்தில் எந்த வயலுக்கு எவ்வளவு என்று நிதானிக்கிற ஆள். அது ஒரு தொழிலின் பெயர். அதில் ஒரு சாதியின் உழைப்பும் அறிவும் இருக்கிறது. அதிகாரி சிவப்பு மையால் அடித்துவிட்டு 'நீர்ப்பாசனப் பணியாளர்' என்று எழுதினார். "சார், அப்படி ஒரு ஆளே எங்க ஊர்ல இல்லையே" என்றேன். "சர்ச்சை வேண்டாம், எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்" என்றார். நல்ல மனுஷர்தான். நானும் அந்தச் சொல்லையே வாசித்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். பொது என்ற சொல்லுக்குள் யார் காணாமல் போகிறார்கள் என்று கேட்கப் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன்.

அப்படியானால் ஊர்கள் வானொலியில் வரவே இல்லையா? வந்தன, பாட்டுக்கு நடுவில். அமைச்சர் கேஸ்கர் 1952இல் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஒதுக்கியபோது ஜனங்கள் பெட்டியை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி வந்த பிறகும் இலங்கை வானொலியின் மவுசு நம் கடலோர மாவட்டங்களில் நெடுங்காலம் குறையவில்லை. பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களையும் ஊர்களையும் வரிசையாக வாசிப்பார்கள். எந்த வரைபடத்திலும் கவனிக்கப்படாத கிராமங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. தபால் அட்டை போட்டுவிட்டுத் தன் பெயருக்காக வாரக்கணக்கில் காத்திருந்தவனை நாம் கேலி செய்திருக்கிறோம். எனக்கு இப்போது தோன்றுகிறது: அன்றைய வானொலியில் வந்த ஒரே உள்ளூர்ச் செய்தி அதுதான். இன்ன ஊரில் இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி.

1984இல் நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் திறக்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் பேசும் பெரிய நிலையத்துக்குப் பதிலாக, ஒரு மாவட்டத்துக்கு மட்டும் பேசும் சின்ன நிலையம். ஒலிப்பதிவுக் கருவியோடு ஊருக்குள் போய்ப் பதிவு செய்வது என்பது திட்டம். அதன் சாதனையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாஞ்சில் நாட்டுப் பேச்சும் வில்லுப்பாட்டும், சந்தேகம் கேட்கும் கோமாளியின் வாயிலிருந்து விடுபட்டு, வானொலியில் சொந்தக் குரலாக வந்தன. தொண்ணூறுகளில் இத்தகைய நிலையங்கள் பெருகின. 1994இல் வந்த கொடைக்கானல் பண்பலை மலைமேல் நின்றதால் பல மாவட்டங்களுக்குக் கேட்டது. கடிதமும் தொலைபேசியுமாக ஒரு பெரிய நேயர் கூட்டமே உருவானது. ஆனாலும் செய்தி நேரம் வந்ததும் உள்ளூர் நிலையம் வாயை மூடிக்கொள்ளும். மாநிலச் செய்தி சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும், தேசியச் செய்தி டெல்லியிலிருந்து. இலங்கைப் போரில் நேற்று என்ன நடந்தது என்பதை லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை எங்கள் திண்ணைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பக்கத்து ஊர்க் கலவரத்தை மாவட்ட வானொலியில் கேட்ட ஞாபகம் எனக்கில்லை.

அடுத்தது சந்தையின் காலம். 1993இல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் அரசு பண்பலையில் தனியாருக்கு நேரம் விற்றார்கள். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. பொதுச் சொத்து என்றதும் அரசுக்கு ஞாபகம் வந்தது ஏலம். 2000களின் தொடக்கத்தில் சென்னை, கோவை, திருநெல்வேலி என்று தனியார் பண்பலைகள் வந்தன. முதல் கட்டத்தில் உரிமக் கட்டணம் வருஷத்துக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும்படி வைத்திருந்தார்கள். அவ்வளவு பணம் கட்டியவன் விளம்பரம் கிடைக்கும் பாட்டைத்தான் போடுவான். நாடகம், உரைச்சித்திரம், விவசாயம், சிறுவர் நிகழ்ச்சி எல்லாம் போயின. சினிமாப் பாட்டு, நடுவில் அரட்டை, நடுவில் விளம்பரம். இதை ரசனைக் குறைவு என்று புலம்புவது சுலபம், அதில் எனக்கு ஆர்வமில்லை. இந்த வடிவத்தைத் தீர்மானித்தது ஏலத் தொகையும் செய்தித் தடையும் சேர்ந்துதான்.

பண்பலை ஒரு வேலை செய்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்துத் தமிழின் கெடுபிடியை உடைத்துப் பேச்சுத் தமிழை வானொலியின் இயல்பான மொழியாக்கியது. நேயரையும் பேச வைத்தது. 1932இல் பிரெக்ட், வானொலி ஒருபக்கமாக விநியோகிக்கும் கருவியாக இருப்பதை மாற்றி, கேட்பவரும் பேசும் கருவியாக ஆக்க வேண்டும் என்று எழுதினார். தொலைபேசி நிகழ்ச்சியைக் கேட்டால் அவர் கனவு பலித்துவிட்டது போலத் தோன்றும். "எங்கேருந்து பேசுறீங்க?" "பாளையங்கோட்டை." "என்ன பண்றீங்க?" "தையல் மெஷின் ஓட்டுறேன்." "சூப்பர், யாருக்கு இந்தப் பாட்டு?" நேயர் பேசிவிட்டார். ஆனால் தைக்கிற கூலி எவ்வளவு, முதலாளி போன மாசம் கொடுத்தானா என்று அவள் ஆரம்பித்தால் இணைப்பு நிற்காது. ஊர்ப் பெயர் அங்கே உள்ளே வருவதற்கான அனுமதிச் சீட்டு மட்டுமே. ஊரின் குரலுக்கு இடமுண்டு, ஊரின் சேதிக்கு இடமில்லை.

2011இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை இதைப் பச்சையாகவே சொல்கிறது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே போடலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, விளையாட்டு, திருவிழா ஆகியவை செய்தியாகக் கருதப்படமாட்டா. மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகளையும் சொல்லலாம். கவனியுங்கள்: குடிநீர் வராது என்று நிர்வாகம் சொன்னால் அது தகவல். குடிநீர் வரவில்லை என்று தெருவில் குடத்தோடு நிற்கிறவள் சொன்னால் அது செய்தி, ஆகவே விலக்கு. உண்மையை யார் வாயால் சொல்லலாம் என்பதுதான் இங்கே வரையறுக்கப்படுகிறது.

சமுதாய வானொலி இதற்கு மாற்றாகும் என்று நம்மில் பலர் நம்பினோம். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி வந்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. சின்ன அனுப்புகருவி, சில கிலோமீட்டர் வட்டம், பாதி நிகழ்ச்சியாவது அந்தச் சமூகத்தின் பங்கேற்போடு அமைய வேண்டும், வட்டார வழக்குக்கு முன்னுரிமை. எல்லாம் நாம் கேட்டதுதான். கூடவே 2006 விதி ஒன்று: செய்தியும் நடப்பு அரசியலும் கூடாது. 2016இல் பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை தொடங்கியது. காற்றையும் அலையையும் கடல்புறத்துப் பேச்சில் சொல்லும் ஒரு நிலையம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கி வீசியபோது விளங்கியது. முதல் உள்ளூர் வானொலி பிறந்த அதே மாவட்டத்தில், ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை வேளைக்குப் போய்ச் சேரவில்லை. கரைப் பண்பலை அவ்வளவு தூரம் எட்டாது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிற ஜனங்களிடம், 'எச்சரிக்கப்படுகிறார்கள்' என்று முடியும் வாக்கியத்தில்தான் அரசு பேசுகிறது. யார் எச்சரிக்கிறார்கள் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. வராமல் போனால் யாரைக் கேட்பது என்பதும் இல்லை.

தனியாருக்குச் செய்தியைத் திறந்துவிடலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 2023இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே மணிக்குப் பத்து நிமிடம் தனியார் பண்பலைக்குச் செய்தி கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. தொலைக்காட்சியில் கட்சிக்கொரு சேனல் பார்த்துவிட்ட நமக்கு அதில் பெரிய மயக்கம் வேண்டியதில்லை. பெரிய முதலாளிக்குக் கிடைக்கும் உரிமை சின்னத் தெருவுக்குத் தானாக வந்து சேராது. செய்தி சொல்லும் உரிமையை முதலில் கேட்க வேண்டியது பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் பேசுகிற சமுதாய வானொலிக்குத்தான். பொய் சொன்னால் மறுநாள் காலையில் முகத்துக்கு நேரே கேட்க ஆளிருக்கிற தூரம் அது. கூடவே, அந்தச் சின்னப் பெட்டியைத் திருகும் கை எந்தத் தெருவின் கை என்ற பழைய கேள்வியையும் விடக்கூடாது. சமுதாயம் என்ற சொல்லும் பொது என்ற சொல்லைப் போல ஆட்களை விழுங்கக்கூடியதுதான்.

அந்த டீக்கடையில் பெரியவர் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தூத்துக்குடியிலிருந்து வருகிற யாரையாவது விசாரித்துக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினார். அவர் திரும்பி வந்து சொன்னதைத்தான் அன்று நாங்கள் நம்பினோம். பெட்டி சாயங்காலம் வரை பாடிக்கொண்டிருந்தது.