பொற்சட்டத்தினின்று இறங்கிய பேரரசி

ருஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் உருவ ஓவியங்களுள் இரண்டு தம்முள் முரண்பட்டு நிற்பவை. லெவீத்ஸ்கி 1783-இல் தீட்டிய ஓவியத்தில் அவர் நீதித் தெய்வத்தின் கோயிலில் சட்டம் வகுப்பவராகக் காட்சி தருகிறார். பொரவிக்கோவ்ஸ்கி 1794-இல் தீட்டியதிலோ, கைத்தடி ஊன்றிச் சிறு நாய் உடன்வர, த்சார்ஸ்கயே செலோ பூங்காவில் உலாவும் முதிய பெண்மணியாகிறார், முடியுமில்லை, செங்கோலுமில்லை. இவ்வோவியத்தின் பிற்பட்ட வடிவத்தில் படைத்தலைவர் ருமியான்த்சேவின் வெற்றித்தூண் பின்புலமாயிற்று. அதனை உத்கின் 1827-இல் செதுக்கோவியமாக்கினார். பொன்முலாம் சட்டத்துக்குரிய அரச உருவம் அச்சுத்தாளாகப் பலர் கைக்கு எட்டியது இவ்வாறே.

புஷ்கினின் 'கேப்டன் மகள்' (1836) புதினத்தின் இறுதி இயலில் வரும் பூங்காக் காட்சி இச்செதுக்கோவியத்தை ஒட்டியது என்பதை ஷ்க்லோவ்ஸ்கி 1937-இல் எடுத்துக்காட்டினார். தூணும் உண்டு, நாயும் உண்டு. ஆயினும் புஷ்கின் ஓவியத்தைப் படியெடுக்கவில்லை. அறுபத்தைந்து வயதுப் பேரரசி அவர் கதையில் நாற்பது வயதினராகிறார். உலாவுபவர் இருக்கையில் அமர்கிறார். ஓவியத்தில் அவர் அணிந்திருப்பது நீண்ட மேலங்கி. கதையிலோ வெண்ணிறக் காலையுடையும் 'துஷெக்ரேய்கா'வும்.

மொழிபெயர்ப்பாளர் நின்று நோக்கவேண்டிய சொல் இதுவே. 'உயிர்' என்பதும் 'வெப்பமூட்டு' என்பதும் இணைந்த இச்சொல், எளிய மகளிர் குளிருக்கு அணியும் கையில்லாக் குறுஞ்சட்டையைக் குறிக்கும். பேரரசிமேல் இது வீட்டுப் பாங்கை ஏற்றுகிறது என்ற அளவில் விளக்கம் முடிந்துவிடுவதில்லை. ஏழாம் இயலில், புகச்சோவின் கிளர்ச்சிப்படை கோட்டையைக் கைப்பற்றியபின் கேப்டனின் மனைவியை ஆடை களைந்து வெளியே இழுத்து வருகின்றனர். அவருடைய துஷெக்ரேய்காவைக் கொள்ளையருள் ஒருவன் அதற்குள் அணிந்துகொண்டிருக்கிறான். அடுத்துத் தாய் கொல்லப்படுகிறார். அத்தாயை இழந்த மாஷா, நாடுகடத்தல் தண்டனை பெற்ற தன் காதலன் கிரினியோவுக்காகப் பரிந்து பேச வந்தவிடத்தில், முன்பின் அறியாத பெண்மணி ஒருவர்மீது அதே பெயருடைய ஆடையைக் காண்கிறாள். புஷ்கின் இதற்கு விளக்கம் எதுவும் தரவில்லை. சொல் மட்டுமே இரு காட்சிகளையும் பிணைக்கிறது. ஓரிடத்தில் 'சால்வை' என்றும் மற்றோரிடத்தில் 'மேலங்கி' என்றும் பெயர்த்தால் அப்பிணைப்பு அறுந்துபோகும். ஆங்கில வழி வரும் மொழிபெயர்ப்பாளர் இரண்டிடத்தும் ஒரே சொல்லைக் காண்பார் என்பதற்கும் உறுதியில்லை. 'கையில்லாக் குளிர்ச்சட்டை' அழகான தொடரன்று. ஆனால் இரண்டிடத்திலும் அதுவே நிற்குமாயின் போதும்.

அடுத்த இடர்ப்பாடு வினைமுற்றில் உள்ளது. ருஷ்ய இறந்தகால வினை பெண்பாலைக் காட்டும். இக்கதைகூறலில் மதிப்பைக் காட்டுவதில்லை. ஆதலின் அப்பெண்மணி யாரென்பது மறைந்தே இருக்கிறது. தமிழோ 'அமர்ந்திருந்தாள்', 'அமர்ந்திருந்தார்' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பூங்காவில் '-ஆள்' என்று தொடங்கி, அரண்மனையில் அடையாளம் தெரிந்ததும் '-ஆர்' என மாற்றுவது சிலருக்கு நயமாகத் தோன்றலாம். அது பிழையான நயம். மாஷாவின் மரியாதை முடிக்கு உரியதாகிவிடும், மனிதருக்கு உரியதாகாது. அறியாத மூத்த பெண்மணியை '-ஆர்' எனக் குறிப்பது தமிழில் இயல்பேயாதலின், அது மறைபொருளை வெளிப்படுத்திவிடாது. மாஷா தன் விடைகளில் ஒட்டும் '-ஸ்' என்னும் பணிவு இடைச்சொல்லையும் இவண் நினைக்கலாம். 'அரசர்' எனப் பொருள்படும் 'கொசுதார்' தேய்ந்து 'சுதார்' ஆகி, அதுவும் தேய்ந்து எஞ்சிய ஓரொலி அது. தமிழ்ப் பேச்சில் '-ங்க' ஏறக்குறைய அதற்கு ஈடாகும். பெண்மணி மாஷாவைப் பன்மையிலேயே விளிக்கிறார்; வயதை எண்ணி 'நீ' எனப் பெயர்ப்பது பொருந்தாது.

தான் வேண்டுவது 'மீலஸ்த்' என்றும், 'பிரவசூதியெ' அன்று என்றும் மாஷா கூறுமிடம் லோட்மன் 1962-இல் எழுதிய கட்டுரைக்கு மையமானது. பின்னது நீதி, லெவீத்ஸ்கியின் பேரரசி வழங்கக்கூடியது. முன்னதற்கு 'அருள்' பொருந்தும், 'கருணை'யும் தகும். 'மன்னிப்பு' என்று பெயர்த்தால், கிரினியோவ் துரோகி என்பதை மாஷாவே ஒப்புக்கொண்டதாகிவிடும்.