மைபை பார்க்கும் இடமும் பார்க்காத இடமும்

பைத்தானில் ஒரு வேரியபிளுக்கு எண்ணைக் கொடுத்துவிட்டு அடுத்த வரியிலேயே ஸ்ட்ரிங்கைக் கொடுக்கலாம். அந்தச் சுதந்திரம் பிடித்துத்தான் பலர் அதன் பக்கம் வந்தார்கள். கோடு லட்சக்கணக்கான வரிகளாகப் பெருத்தபின் அதுவே தலைவலியானது. 2015-இல் வந்த பைத்தான் 3.5, டைப் குறிப்புகள் எழுதப் பொதுமுறை ஒன்றைத் தந்தது. யூக்கா லெஹ்டோசாலோ தொடங்கிய மைபை, கோடை ஓட்டாமலேயே அக்குறிப்புகளைப் படித்துப் பொருத்தம் பார்க்கிறது. டிராப்பாக்ஸ் நிறுவனம் 2019-க்குள் சுமார் 40 லட்சம் வரிகளை இதன் சோதனைக்குள் கொண்டுவந்தது.

எண் வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங் வந்ததைப் பிடிப்பது பெரிய சாதனையல்ல. ஒருமுறை ஓட்டினாலே அது பெரும்பாலும் தெரிந்துவிடும். மைபையின் பலம் கிளாஸ்களின் வாரிசு உறவில் இருக்கிறது. வாகனம் என்ற கிளாஸின் கீழ் பேருந்து, லாரி என இரண்டு இருப்பதாகக் கொள்வோம். வாகன லிஸ்ட் கேட்கும் ஃபங்ஷனுக்குப் பேருந்து லிஸ்ட்டை அனுப்பினால் மைபை மறுக்கிறது. பேருந்தும் வாகனம்தானே என்று புதியவர்கள் எரிச்சலடைவார்கள். அந்த ஃபங்ஷன் உள்ளே ஒரு லாரியைச் சேர்த்துவிட்டால்? அனுப்பியவருக்கு அது இன்னமும் பேருந்து லிஸ்ட். பயணிகள் இருக்கை எத்தனை என்று கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும், அதுவும் வேறெங்கோ ஒரு ஃபைலில். ஜாவாவின் அரேக்கள் இதைக் கம்பைல் செய்யும்போது அனுமதித்துவிட்டு, ஓடும்போது அரேஸ்டோர்எக்செப்ஷன் எறிகின்றன. மைபையின் பிடிவாதமே மேல். படிக்க மட்டும் போதுமென்றால் லிஸ்ட் என்பதைச் சீக்வென்ஸ் என்று மாற்றினால் அது வழிவிடும். தன் ஃபங்ஷன் லிஸ்ட்டைத் திருத்துமா, வெறுமனே படிக்குமா என்று எழுதுபவரை அந்த மறுப்பு யோசிக்க வைக்கிறது.

சிக்கல் ‘எனி’ என்ற டைப்பில். எனி எதனுடனும் பொருந்தும். அது வந்த இடத்தில் மைபை வாயை மூடிக்கொள்ளும். குறிப்பே எழுதாத ஃபங்ஷனின் உட்பகுதியை, தனியாகச் சொன்னாலொழிய, பார்ப்பதும் இல்லை. பழைய கோடைச் சிறிது சிறிதாகக் கொண்டுவர இந்தத் தளர்வு தேவைதான். ஆனால் ஜேசன் தரவைப் படிக்கும் லோட்ஸ் ஃபங்ஷனும் எனியைத்தான் திருப்பித் தருகிறது. வெளியிலிருந்து எது வருமென்று தெரியாத அந்த வாசலில்தான் காவல் அதிகம் வேண்டும். ஸ்ட்ரிக்ட் முறையை இயக்கினாலும், வந்ததை வாகனம் என்று குறித்த வேரியபிளில் வைத்தால் மைபை கேள்வி கேட்பதில்லை. அங்கே பைடான்டிக் போல, ஓடும்போதே தரவைச் சோதிக்கும் கருவி வேண்டும். டைப் குறிப்புதான் இருக்கிறதே என்று சொல்லி அதைத் தவிர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.