கட்டைவிரல் வித்தை

பொன்முடி அடிவாரத்தில், விதுராவை அடுத்த மருதமலையில் (கோவை முருகன் மலை வேறு) இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசரின் திருவனந்தபுரம் வளாகம் இருக்கிறது. செல் பிரிவு எப்படிக் கட்டுமீறிப் புற்றாகிறது என்று தேட விரும்பும் மூலக்கூறு உயிரியல் மாணவர் அங்கே சேர்ந்தாலும் வேறெங்கே சேர்ந்தாலும் முதலில் பழகுவது, துளித்துளியாய்த் திரவம் அளக்கும் மைக்ரோபிப்பெட்டை.

அதன் மேல்பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு தடை தட்டும். அங்கே நிறுத்தி, நுனியைத் திரவத்தில் வைத்து, மெல்ல விட வேண்டும். குறித்த அளவு மட்டும் ஏறும். வெளியேற்றும்போது இரண்டாவது தடைவரை அழுத்தினால் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசித் துளியும் இறங்கிவிடும். இதன் அளவெல்லாம் மைக்ரோலிட்டரில்தான்; ஒரு மைக்ரோலிட்டர் என்பது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விரல் அவசரப்பட்டால் காற்றுக்குமிழ் ஏறும், அளவு போச்சு. இரண்டே தடைகளில் இத்தனை கச்சிதம்!

முன்பெல்லாம் கண்ணாடிக் குழாயை வாயால் உறிஞ்சினார்கள். ரசாயனமோ கிருமியோ வாய்க்குள் போய்விடும் அபாயம் வேறு. அதில் சலித்துப்போன ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர், 1957இல் மார்பர்க்கில் சுருள்வில் பிப்பெட்டைச் செய்தார். அளவை மாற்றிக்கொள்ளும் வகை 1970களில் விஸ்கான்சினில் பிறந்தது.

முனைவர் பட்டம், அதற்குப் பிந்தைய ஆய்வு என்று ஆய்வு மாணவருக்குப் பல வருடம் பிப்பெட் பிடிப்பதே கைத்தொழில். பேராசிரியரானதும் நிதி விண்ணப்பம் எழுதவே பொழுது சரியாகிவிடுகிறது. பிப்பெட் மாணவர் கைக்குப் போகிறது. பதவி உயர்வு என்கிறார்கள். எனக்கென்னவோ மாணவருக்குத்தான் லாபம் என்று படுகிறது.