கதையில் ஓட்டை

தொடர்கதை படிக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. அடுத்த வாரம் கதை எப்படிப் போகும் என்று கேட்கிறவர்கள் ஒரு ரகம். போன வாரம் கதை எப்படி அப்படிப் போக முடிந்தது என்று கேட்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தார் கதாசிரியனுக்குச் சோறு போடுகிறார்கள். இரண்டாம் ரகத்தார் அவன் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள். இருபது வருஷமாக வாரப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்துவரும் எனக்கு இரண்டாவது ரகத்தாரிடம்தான் மரியாதை அதிகம். ஒரு சமயம் ஒரு பத்திரிகை ஆசிரியர் (பெயர் எதற்கு?) அந்த மாதிரிக் கடிதங்களைப் பிரிக்காமலே கூடையில் போட்டுவிடும்படி எனக்குப் புத்தி சொன்னார். நான் அவற்றைத்தான் முதலில் பிரிக்கிறேன்.

எங்கள் திண்டுக்கல்லில் இரண்டாவது ரகம் கொஞ்சம் அதிகம். ஊர்த் தொழில் அப்படி. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு திண்டுக்கல் பூட்டைப்பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இங்கே யாரும் பூட்டை அழகு பார்த்து வாங்கியதில்லை. பூட்டுவார்கள், இழுப்பார்கள், உலுக்குவார்கள், காதோரம் வைத்துச் சாவியைத் திருப்பி உள்ளே நெம்புத் தகடு விழுகிற சத்தத்தைக் கேட்பார்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. இழுத்துப் பார்க்காமல் வாங்குகிறவனைத்தான் அவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

மேற்கு ரத வீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு வாடகை நூல் நிலையம் இருக்கிறது. பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்த தொடர்கதைகள் இன்னும் அங்கே கிடைக்கும். ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் கூடுவார்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் எலெக்ட்ரீஷியன் ஒருவர், ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக் கணக்குப்பிள்ளை, காந்திகிராமத்தில் படிக்கும் ஒரு பெண். சில மாதங்களாக அவர்கள் கையில் அகப்பட்டுத் தவிப்பது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வும். 1980-களில் ஆனந்த விகடனில் வந்த கதை, பிறகு தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும்: வருங்கால இந்தியா, ஜீவா என்ற ஒருவனின் ஆட்சி, எல்லோருக்கும் இரண்டே எழுத்தில் பெயர். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்கிறது சர்க்கார் இயந்திரம். வீட்டுக்கு வந்து சேரும் ரவியோடு ஜீனோ என்ற இயந்திர நாயும் வருகிறது.

முதல் குற்றச்சாட்டு மண்டிக் கணக்குப்பிள்ளையுடையது. கதை நடப்பதாகச் சொன்ன 2022 வந்து போய்விட்டது. ஜீவாவும் இல்லை, ஜீனோவும் இல்லை. ஆகவே கதை பொய்த்துப்போயிற்று என்றார். கதையைப் பஞ்சாங்கமாக நினைப்பவருக்கு என்ன பதில் சொல்வது? ஆர்வெல்லின் '1984'-ஐ 1985-இல் யாரும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடவில்லை. இந்தக் குற்றச்சாட்டை இதோடு விட்டுவிடலாம்.

கணக்கு வாத்தியாரின் ஆட்சேபணை அப்படித் தள்ளக்கூடியதல்ல. தமிழில் 247 எழுத்துக்கள். இரண்டெழுத்துப் பெயர் எத்தனை வைக்கலாம்? 247-ஐ 247-ஆல் பெருக்கினால் 61,009. மெய்யெழுத்தில் பெயர் தொடங்காது, ஆய்த எழுத்தில் யாரும் பிள்ளையைக் கூப்பிட முடியாது, அதெல்லாம் கழிவு. கழிக்காமலே பார்த்தாலும் 140 கோடிப் பேருக்கு 61,009 பெயர் என்றால் ஒரு பெயருக்குச் சுமார் 23,000 பேர். "நாட்டில் 23,000 சிபி இருக்கிறபோது சிபியே இல்லை என்று ஓர் இயந்திரம் எப்படி ஐயா சொல்லும்?" என்று மேஜையைத் தட்டினார்.

இந்தக் கணக்கை எழுத்தாளர் போட்டுப் பார்த்திருப்பாரா, தெரியாது. போட்டிருந்தாலும் கதையை மாற்றியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெயரைக் குறுக்குகிற ராஜாங்கத்துக்கு ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும் அக்கறையே கிடையாது. 23,000 சிபிகளில் ஒரு சிபி குறைந்தால் அதற்கு ஒன்றுமில்லை. நிலாவுக்கு எல்லாமே போயிற்று. ஓட்டை என்று வாத்தியார் காட்டிய இடத்தில்தான் கதையின் பயங்கரம் குடியிருக்கிறது. அவர் கணக்குப் போட்டிராவிட்டால் அந்தப் பயங்கரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது.

அடுத்தது எலெக்ட்ரீஷியனுடையது. ஜீவா என்ற சர்வாதிகாரி வெறும் பிம்பம், ஹோலோகிராம் என்று பிற்பாடு வெளியாகிறதல்லவா? "இத்தனை வருசமா ஒருத்தன்கூடத் தொட்டுப் பாக்கலையா சார்?" என்றார் அவர். அந்தப் பெண் விடவில்லை. "தொட விட்டாத்தானே அண்ணே? நம்ம தலைவர்களை எத்தனை பேரு தொட்டுப் பாத்திருக்கோம்? போஸ்டரைத்தானே பாத்தோம்?" என்றாள். எலெக்ட்ரீஷியன் சிரித்துவிட்டார். ஆனாலும், "போஸ்டருக்குப் பின்னாடி ஆள் இருக்குல்ல தாயி" என்று முணுமுணுத்தார். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயராக இருந்து, ஓட்டுப் போடும் இயந்திரம் உருவானதில் பங்கு கொண்ட ஒரு மனிதர், ஆளே இல்லாத ஓர் ஆட்சியைக் கற்பனை செய்தார் என்பது எனக்கு எப்போதுமே ருசிகரமான விஷயம்.

இதுவரை சொன்னவை உலகத்தின் கணக்குக்கும் கதையின் கணக்குக்கும் உள்ள வழக்குகள். அவற்றில் கதாசிரியனுக்குக் கொஞ்சம் சலுகை காட்டலாம். தன் கதையில் தானே போட்ட சட்டத்தை அவன் மீறும்போது சலுகை கூடாது. அப்படி ஒன்று இங்கே இருக்கிறது. நாலு பேரும் ஆசைப்பட்டுக் கொஞ்சுகிற ஜீனோவிடமே இருக்கிறது.

ஜீனோ முதலில் ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி வருகிறது. புத்தகம் படிக்கிறது, கிண்டல் பேசுகிறது, தானாகச் சிந்திக்கத் தொடங்குகிறது. அந்த வளர்ச்சி அழகானது. தமிழில் அந்த மாதிரிப் பாத்திரம் அதற்குமுன் இல்லை. ஆனால் போகப் போக, கதை எங்கே முட்டி நின்றாலும் ஜீனோவுக்கு வழி தெரிகிறது. பழைய கிரேக்க நாடகங்களில் முடிச்சு அவிழாவிட்டால் பளுதூக்கியில் கட்டி ஒரு தெய்வத்தை மேடையில் இறக்குவார்களாம். இங்கே இயந்திரமே தெய்வம். விளைவு என்ன? நாய் புத்திசாலியாக ஆக ஆக, நிலா அழுகிறவளாகவும் காப்பாற்றப்படுகிறவளாகவும் சுருங்கிப்போகிறாள். கதை ஆரம்பத்தில் அவளுடையதாக இருந்தது.

வாரத் தொடரில் இது ஏன் நேர்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒரே மூச்சில் நாவல் எழுதுகிறவனுக்கு முப்பதாவது அத்தியாயத்தில் ஓர் அரிவாள் தேவைப்பட்டால், மூன்றாவது அத்தியாயத்துக்குப் போய் இறவாணத்தில் ஒன்றைச் செருகிவிட்டு வரலாம். தொடர்கதைக்காரனுடைய மூன்றாவது அத்தியாயமோ அதற்குள் பஜ்ஜி மடித்த காகிதமாகியிருக்கும். அரிவாளும் இல்லை, வியாழக்கிழமை பத்திரிகை அச்சேற வேண்டும். பக்கத்தில் வாலாட்டிக்கொண்டு ஒரு சர்வக்ஞ நாய் நின்றால் யார்தான் கூப்பிடமாட்டார்கள்?

வாசகர் ஓட்டையைக் காட்டும்போது எழுத்தாளர்கள் பல விதமாக நடந்துகொண்டிருக்கிறார்கள். கானன் டாயில், டாக்டர் வாட்ஸனின் யுத்தக் காயத்தை ஒரு கதையில் தோளிலும் இன்னொன்றில் காலிலும் வைத்துவிட்டுக் கவலைப்படாமல் இருந்தார். நம் கல்கி, 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்ததும், இன்னார் என்ன ஆனார், அன்னார் கதி என்ன என்று கேட்டவர்களுக்கு முடிவுரை எழுதிச் சமாதானம் சொன்னார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் கடைசிவரை மூடுமந்திரமாகவே விட்டார். உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன் முதலியோர் பெயர் இருந்தும், மணி ரத்னத்தின் படங்கள் 2022-இலும் 2023-இலும் வந்தபோது வீட்டுக்கு வீடு அந்தச் சண்டை மறுபடி நடந்தது.

எனக்குப் பிடித்தவர் அமெரிக்கரான லாரி நிவென். 1970-இல் 'ரிங்வேர்ல்ட்' என்று ஒரு நாவல் எழுதினார். ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி, பூமியின் பாதை அளவுக்கு வளையல் மாதிரி ஓர் உலகம். குறுக்களவே சுமார் 30 கோடி கிலோமீட்டர். மறு வருஷம் பாஸ்டனில் நடந்த விஞ்ஞானக் கதை மகாநாட்டில் எம்.ஐ.டி. மாணவர்கள், அந்த வளையம் நிலையாக நிற்காது என்று தாழ்வாரமெல்லாம் கோஷம் போட்டார்கள். வாஸ்தவந்தான். ஒரு பக்கம் சற்றே நகர்ந்தால் போதும், மேலும் மேலும் நகர்ந்து சூரியனில் போய் முட்டும். முதல் பதிப்பில் இன்னொரு வேடிக்கை: கதாநாயகன் தன் பிறந்தநாள் இரவை நீட்டிக்க ஊர் ஊராகத் தாவிக் கிழக்கே போகிறான்; போகவேண்டியது மேற்கே. திசையை அடுத்த பதிப்பில் திருத்தினார். வளையத்தைத் திருத்த 1980-இல் ஒரு நாவலே வெளியிட்டார். அதை நிலைநிறுத்த விளிம்பில் உந்து கருவிகள் இருந்தன, அவற்றை யாரோ கழற்றிவிட்டார்கள், வளையம் சாய ஆரம்பித்துவிட்டது என்பதுதான் அதில் கதை. மாணவர்கள் சொன்ன குற்றமே அடுத்த புத்தகத்துக்கு முடிச்சாகிவிட்டது!

சுஜாதா 2008-இல் மறைந்துவிட்டார். இனிக் கேட்டு எழுதிவாங்க வழியில்லை. அதனால் இப்போது புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாராவது ஒரு குறை சொன்னால், 'அது ஆசிரியர் வேண்டுமென்றே வைத்தது' என்று ரசிகர் ஒருவர் கிளம்பி ஒரு தத்துவம் சொல்வார். நிலா பலவீனமாக இருப்பதுகூட ஜீனோவே திட்டமிட்டுச் செய்த சதி என்று எலெக்ட்ரீஷியன் சமீபத்தில் ஒரு சித்தாந்தம் கொண்டுவந்தார். கெட்டிக்காரத்தனமான சித்தாந்தம், ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. ஆனால் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி ஆதாரம் கிடையாது. தமிழில் விமர்சனம் என்றால் ஒன்று அபிஷேகம், இல்லாவிட்டால் கல்லடி என்று ஆகியிருக்கிறது. ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாராவாரம் பதில் சொல்லி, ஒரு தலைமுறைக்குக் கேள்வி கேட்கவே கற்றுக்கொடுத்தவருக்கு அபிஷேகம் செய்வது அவருக்குப் பிடித்திருக்குமா?

காந்திகிராமத்துப் பெண்ணுக்கும் வாத்தியாருக்கும் தகராறு இன்னும் தீரவில்லை. 'மீண்டும் ஜீனோ'வில் நிலா நாட்டின் ராணி. அவளைப் பொம்மையாக வைத்து மற்றவர்கள் ஆள்கிறார்கள். ராணியே யோசித்துத் தப்பும் இடம் ஒன்றாவது காட்டுங்கள் என்கிறாள் அவள். இருக்கிறது, எங்கோ படித்த ஞாபகம் என்கிறார் வாத்தியார். போன ஞாயிறன்று இரண்டு பைண்டு வால்யூம்களையும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். என் ஓட்டு அந்தப் பெண்ணுக்குத்தான்.